நூறு வருஷத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பேப்பர் காமிக்ஸ், முழு சைஸ்ல பார்த்திருக்கீங்களா?

பழையதாள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இன்னிக்கு எழுதாம இருக்க முடியல. போன வாரம் பெங்களூர்ல ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன், அவர்கிட்ட அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கேயோட லிட்டில் நீமோ காமிக்ஸ் பெரிய புத்தகம் இருக்கு, 2005ல வந்தது, 16க்கு 21 இன்ச், அதாவது அந்தக் காலத்து நியூயார்க் ஹெரால்ட் பேப்பர்ல எந்த சைஸ்ல வந்துச்சோ கிட்டத்தட்ட அதே சைஸ். மேஜையில வைக்க இடமில்ல, தரையில பாயை விரிச்சு அதுமேல வெச்சுதான் தொறந்தாரு, நாங்க ரெண்டு பேரும் முட்டி போட்டுக்கிட்டு பார்த்தோம்.

நான் இதே பக்கங்களை பத்து வருஷமா கம்ப்யூட்டர்லயும் போன்லயும் பார்த்தவன். பார்த்தேன்னே சொல்லக்கூடாதுன்னு அன்னிக்குத் தோணுச்சு.

1908 ஜூலை 26 பக்கம் இருக்கே, கட்டில் நடக்கற பக்கம், தெரியாதவங்களுக்காக சொல்றேன், நீமோன்னு ஒரு சின்னப் பையன், வாராவாரம் தூங்குவான், கனவு காணுவான், கடைசி கட்டத்துல முழிச்சுக்குவான், அவ்வளவுதான் அமைப்பு. இந்த வாரம் அவனும் அவனோட கனவுக் கூட்டாளி ஃபிளிப்பும் படுத்திருக்கற கட்டிலோட கால் வளர ஆரம்பிக்குது. மேல் வரிசையில கட்டம் சின்னதா இருக்கு, கால் நீள நீள கட்டமும் கீழ நோக்கி நீளுது, கட்டில் தெருவுல இறங்கி வீட்டுக் கூரையை எல்லாம் தாண்டி நடக்குது, கடைசியில ஒரு சர்ச் கோபுரத்துல கால் இடறி விழுது. போன்ல பார்த்தா "நல்ல ஐடியா"ன்னு தோணும். பெருசா பார்த்தா உங்க கண்ணு அந்தக் காலோட அடி வரைக்கும் இறங்கிப் போய்ட்டு திரும்ப மேல ஏறி வரணும், அந்த உயரம் உங்க கழுத்துக்குத் தெரியுது. கட்டத்தோட உயரமே கதைங்க. 1905 அக்டோபர் 15ல ஆரம்பிச்ச தொடர் இது, அப்ப இந்த மாதிரி கட்டத்தை இழுக்கலாம் சுருக்கலாம்னு அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்ல, அவரே கண்டுபிடிச்சுட்டுப் போறாரு.

இதை இங்க பேசலாமேன்னுதான். வேற யாராவது முழு சைஸ்ல பார்த்திருக்கீங்களா, எந்தப் பக்கம் புடிக்கும், சொல்லுங்க.

நைட்ஷிப்ட் எழுதியது:

தப்பா எடுத்துக்காதீங்க நண்பரே, மனசுல பட்டதை சொல்றேன். நான் நீமோவை ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன், ஒரு இருவது முப்பது பக்கத்துக்கு மேல தாங்கல. படம் அழகுதான், மறுக்கல. ஆனா ஒவ்வொரு வாரமும் அதே முழிப்பு, அம்மாவோ அப்பாவோ திட்டறது. பேச்சு பலூன் பாருங்க, எழுத்து எல்லாம் நெருக்கியடிச்சு இருக்கும், படிக்கவே முடியாது, இவ்வளவு அழகா மாளிகை வரையறவரு எழுத்தை ஏன் அப்படி விட்டாருன்னு புரியல. நீமோவுக்குன்னு ஒரு குணமும் கிடையாது, ஆச்சரியப்படுறான், பயப்படுறான், முழிக்கிறான். பழசுங்கறதுக்காக நாம மரியாதை குடுக்கறோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

பழையதாள் எழுதியது:

எழுத்து விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. படத்தை முடிச்சுட்டு மிச்சம் இருக்கற இடத்துல வசனத்தைத் திணிச்ச மாதிரிதான் இருக்கும், ஆரம்ப மாசங்கள்ல கட்டத்துக்குக் கீழ வேற ஒரு விளக்க வரி ஓடும், படத்துல தெரியறதையே திரும்ப சொல்லும், அது தேவையே இல்ல.

ஆனா முழிப்பு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். நாம முப்பது பக்கத்தை ஒரே ராத்திரியில படிக்கிறோம், அவங்க வாரத்துக்கு ஒண்ணு படிச்சாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பேப்பர் வருது, பையன் தரையில விரிச்சுப் படுத்துக்கிட்டு அந்தப் பெரிய தாளுக்குள்ளயே போயிடுறான், கடைசி கட்டத்துல நீமோ கட்டில்ல இருந்து விழும்போது இவனும் தரையில கிடக்கான். வாராவாரம் அதே இடத்துக்கு வந்து முடியணும், ஏன்னா வழி மட்டும்தான் மாறணும். நீங்க அடுத்த தடவை முப்பது படிக்காதீங்க, ஒரே ஒரு பக்கம் எடுத்து பத்து நிமிஷம் பாருங்க. அப்புறம் அதே மெக்கே பெரியவங்களுக்காக சைலஸ்ங்கற புனைபேர்ல ஒண்ணு வரைஞ்சாரு, 1904ல ஆரம்பிச்சது, ராத்திரி சீஸ் ரொட்டி தின்னுட்டுப் படுக்கறவங்களுக்கு வர்ற கெட்ட கனவு. வாராவாரம் வேற ஆளு, வேற பயம், கருப்பு வெள்ளை. உங்களுக்கு அதுதான் புடிக்கும்னு நினைக்கிறேன்.

மெஷின்மேன் எழுதியது:

நான் காமிக்ஸ் ஆளு இல்லீங்க, சிவகாசியில பிரஸ்ல 28 வருஷம் இருக்கேன், என் பையன்தான் இந்த லிங்கை அனுப்பினான். நீங்க போட்டிருந்த அந்தக் கட்டில் படத்தை நான் வேற கண்ணுல பார்த்தேன், அதனால எழுதறேன்.

அந்தக் காலத்துல கலரை யார் போட்டாங்கன்னு நினைக்கிறீங்க? ஓவியர் கருப்பு மையில கோடு மட்டும் வரைஞ்சு குடுப்பாரு, எந்த இடத்துல என்ன கலர்னு ஒரு குறிப்பும் குடுப்பாரு. அதுக்கப்புறம் வேலை முழுக்க பிளாக், அதாவது அச்சுத் தகடு, எடுக்கறவங்க கையில. கருப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு துத்தநாகத் தகடு. வெளிர் கலர் வேணும்னா புள்ளி போடணும், அந்தப் புள்ளி பென் டே முறைன்னு சொல்வாங்க, புள்ளி புடைச்சுக்கிட்டு இருக்கற ஒரு மெல்லிசு ஃபிலிம்ல மை தடவி, தகட்டுல எந்த இடத்துல வேணுமோ அங்க மட்டும் கையால தேய்ச்சு இறக்குவாங்க, வேண்டாத இடத்தை முன்னாடியே பூசி மறைச்சு வெச்சிருப்பாங்க. இளம்பச்சை வேணும்னா மஞ்சத் தகட்டுல ஒரு அளவு புள்ளி, நீலத் தகட்டுல ஒரு அளவு புள்ளி, ரெண்டும் சேர்ந்தா என்ன வரும்னு அந்த ஆளுக்கு மனசுலயே தெரியணும், அச்சாகற வரைக்கும் பார்க்க முடியாது. அதுக்கப்புறம் ஆசிட்ல அரிக்க விட்டு, காகிதக்கூழ் அட்டையில அச்செடுத்து, ஈயத்தை வளைவா வார்த்து, ரோட்டரி மெஷின்ல ஏத்தி ஓட்டுவாங்க.

இவ்வளவும் மட்டமான நியூஸ்பிரின்ட்ல. நாலு கலரும் துல்லியமா ஒண்ணுமேல ஒண்ணு உக்காரணும், நூல் அளவு விலகினாலும் ரிஜிஸ்டர் அவுட், மூஞ்சி கலர் மூஞ்சிக்கு வெளிய போயிடும். அந்த நீமோ பக்கத்துல ராத்திரி வானம் மேல கருநீலமா ஆரம்பிச்சு கீழ வர வர இளகுது பாருங்க, அது எத்தனை தடவை ஃபிலிமை வெச்சு வெச்சு எடுத்திருப்பாங்கன்னு நெனச்சா எனக்குக் கை நடுங்குது. ஓவியர் பேரு பக்கத்துல இருக்கு. அந்த பிளாக்காரங்க பேரு எங்கயும் இல்ல. அவங்களும் அந்தப் பக்கத்தை வரைஞ்சவங்கதான்னு நான் சொல்லுவேன்.

கோடும்கட்டமும் எழுதியது:

மெஷின்மேன் அண்ணே, இந்த இழையிலேயே பெரிய பதிவு உங்களோடதுதான். இதை நான் எங்கயும் இவ்வளவு தெளிவா படிச்சதில்ல.

நான் கிரேஸி காட் பக்கம் ஆளு, அதனால கொஞ்சம் நீளமா எழுதிக்கறேன். ஜார்ஜ் ஹெரிமன் வரைஞ்சது. அது எப்படி ஆரம்பிச்சுச்சுன்னா, 1910ல டிங்பாட் குடும்பம்னு வேற ஒரு தொடர் வரைஞ்சுட்டு இருந்தாரு, அந்தக் கட்டங்களோட அடியில கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு, அங்க ஒரு பூனையும் எலியும் வரைஞ்சு விட்டாரு, எலி பூனை மேல எதையோ வீசி எறியுது. மிச்ச இடத்துல பொறந்த கதைங்க அது. 1913ல தனித் தொடராச்சு, 1916 ஏப்ரல் 23ல முழுப் பக்கமாச்சு, அப்புறம் 1944ல அவர் சாகற வரைக்கும் வரைஞ்சாரு.

கதைன்னு பார்த்தா ஒரே வரிதான். பூனை கிரேஸிக்கு எலி இக்னட்ஸ் மேல காதல். எலிக்குப் பூனையைக் கண்டா ஆகாது, செங்கல்லால மண்டையில அடிக்குது. பூனை அந்தச் செங்கல்லைக் காதல் கடிதம்னு எடுத்துக்குது. போலீஸ் நாய் பப்புக்குப் பூனை மேல காதல், அதனால எலியைப் புடிச்சு உள்ள போடுது. முப்பது வருஷம் இதேதான். இதுல சலிப்பே வராததுக்கு என்ன காரணம்னு நான் யோசிச்சுக்கிட்டே இருப்பேன். நம்ம ஊர்ல ஒரு ராகத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் பாடறதில்லையா, அந்த மாதிரிதான், எல்லாருக்கும் ராகம் தெரியும், இன்னிக்கு எந்த வழியா போறாருன்னுதான் கேக்கறோம். செங்கல் வரும்னு தெரியும், எப்படி வருதுங்கறதுதான் அந்த வாரம்.

அப்புறம் அந்த இடம். அரிசோனாவுல கொகொனினோ கவுண்டி, நிஜமாவே இருக்கற இடம், ஹெரிமனுக்கு அந்தப் பாலைவனமும் மான்யுமென்ட் வேலியும் உயிரு. அவர் வரைஞ்சதுல ரெண்டு பேரு நின்ன இடத்துலயே நின்னு பேசிட்டு இருப்பாங்க, பின்னாடி மட்டும் கட்டத்துக்குக் கட்டம் மாறும், முதல் கட்டத்துல மலை, அடுத்ததுல அது மரம், அதுக்கடுத்து தொட்டியில வெச்ச செடி, நிலா தர்பூசணித் தோல் மாதிரி தொங்கும். யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான நவஹோ மக்களோட நெசவு வடிவம் எல்லாம் கட்டத்து ஓரத்துல வந்து உக்காந்திருக்கும்.

பொது ஜனத்துக்கு அது பெருசா புடிக்கலைங்கறதுதான் வேதனை. அதை வெளியிட்ட பேப்பர் எண்ணிக்கை கம்மி. ஆனா முதலாளி ஹெர்ஸ்ட்டுக்குப் புடிச்சிருந்துச்சு, அதனால அது நிக்காம ஓடுச்சு. 1924ல கில்பர்ட் செல்டிஸ்னு ஒரு விமர்சகர் தன்னோட புத்தகத்துல கிரேஸி காட்டுக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதி, இது அமெரிக்காவுல உருவான உயர்ந்த கலைகள்ல ஒண்ணுன்னு வாதாடினாரு. பேப்பர்ல வர்ற பூனைப் படத்தைப் பத்தி அன்னிக்கு அப்படி எழுத ஒரு தைரியம் வேணும்.

நிலாமகள் எழுதியது:

எல்லாரும் அழகைப் பத்தி பேசறீங்க, எனக்கும் புடிச்ச பக்கங்கள்தான், ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். நீமோவுல இம்ப்னு ஒரு பாத்திரம் வருது, காட்டுல இருந்து கூட்டிட்டு வர்ற கருப்பினச் சிறுவன், புல் பாவாடை, தடிச்ச உதடு, பேசறது யாருக்கும் புரியாத உளறல். ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் வரும்போதும் எனக்குத் தொண்டையில ஏதோ அடைக்குது. அந்தக் காலம் அப்படித்தான்னு தாண்டிப் போக என்னால முடியல, ஏன்னா அதே பேப்பரைக் கருப்பினக் குழந்தைகளும் பார்த்திருப்பாங்கல்ல, அவங்க தரையில படுத்துக்கிட்டு அந்தத் தாளுக்குள்ள போகும்போது அவங்களுக்கு அங்க குடுத்த வேஷம் அது.

இதோட ஹெரிமனைச் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. நியூ ஆர்லியன்ஸ்ல 1880ல பொறந்தவரு. வாழ்நாள் முழுக்க வெள்ளைக்காரராத்தான் எல்லாரும் நெனச்சாங்க, கூட வேலை பார்த்தவங்க கிரேக்கர்னு நெனச்சுக் கூப்பிட்டாங்க. எப்பவும் தொப்பியோடதான் இருப்பாரு. அவர் செத்து இருவத்தேழு வருஷம் கழிச்சு, 1971ல, ஒரு ஆய்வாளருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைச்சப்பதான் அதுல நிறத்தவர், அதாவது கருப்பினத்தவர்னு குறிச்சிருந்தது வெளிய வந்துச்சு. அந்த நாள்ல அது தெரிஞ்சிருந்தா ஒரு பெரிய பேப்பர் ஆபீஸ்ல அவருக்கு மேஜை கிடைச்சிருக்குமா? இது தெரிஞ்சதுக்கப்புறம் கிரேஸி காட்டைத் திரும்பப் படிச்சேன். கருப்புப் பூனை, வெள்ளை எலி, ஆணா பெண்ணான்னு கடைசி வரைக்கும் முடிவா சொல்லாத ஒரு உயிர், கட்டத்துக்குக் கட்டம் மாறிக்கிட்டே இருக்கற நிலம். எதுவுமே இதுதான்னு நிக்காத ஒரு உலகத்தை அவர் ஏன் வரைஞ்சாருன்னு எனக்குக் கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

கோடும்கட்டமும் எழுதியது:

நிலாமகள் அக்கா, இம்ப் பத்தி நான் எழுதாம விட்டது தப்பு. புதுசா யாருக்காவது நீமோ காட்டும்போது அந்தப் பக்கங்களை ஒளிச்சுட்டுக் காட்டறது எனக்கும் சரியா படல, காட்டி, பேசிட்டுத்தான் போகணும்.

இதோட இன்னொண்ணு, கிரேஸியோட பேச்சு. நியூ ஆர்லியன்ஸ் தெருப் பேச்சு, யூதர்கள் பேசற யித்திஷ், ஸ்பானிஷ் எல்லாம் கலந்து, எழுத்துப் பிழையே இசை மாதிரி இருக்கும், எலியை "லில் ஐஞ்சில்"னு கூப்பிடும், லிட்டில் ஏஞ்சல்ங்கறதுதான் அப்படி ஆயிடுது. தமிழ்ல கொண்டுவரலாமான்னு நான் நாலஞ்சு பக்கம் முயற்சி பண்ணேன். மழலையா எழுதினா குழந்தை ஆயிடுது, வட்டார வழக்குல எழுதினா அந்த ஊர்க்காரங்களைக் கிண்டல் பண்ற மாதிரி ஆயிடுது. ரெண்டும் கிரேஸி இல்ல. விட்டுட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

தம்பிங்களா, நான் 1970கள்ல முத்து காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவன். நீங்க ஞாயிறு பக்கத்தைப் பத்தியே பேசறீங்க, தினசரி ஸ்டிரிப்பைப் பத்தி நான் சொல்றேன்.

ரிப் கெர்பி, மாண்ட்ரேக், காரிகன் இதெல்லாம் நமக்குப் புத்தகமாத்தான் தெரியும். அது அமெரிக்கப் பேப்பர்ல தினமும் மூணு நாலு கட்டமா வந்தது, அதை வெட்டி ஒட்டித்தான் நம்ம கைக்கு முழுக்கதையா வந்துச்சு. சின்ன வயசுல எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஏன் ரிப் கெர்பியும் அவரோட வேலைக்காரர் டெஸ்மாண்டும் நமக்குத் தெரிஞ்ச விஷயத்தையே மூணு கட்டத்துக்கு ஒரு தடவை திரும்பப் பேசிக்கறாங்கன்னு. நாப்பது வருஷம் கழிச்சு அசல் ஸ்டிரிப்பைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. முதல் கட்டம் நேத்து பேப்பர் வாங்காதவனுக்கு, நடு கட்டம் இன்னிக்கு நடக்கறது, கடைசிக் கட்டம் நாளைக்கு பேப்பர் வாங்க வைக்கறதுக்கு. அந்த மூச்சு அப்படியே புத்தகத்துக்குள்ள தங்கிப்போச்சு. கன்னித்தீவை தினம் தினத்தந்தியில படிச்சவங்களுக்கு இந்த மூச்சு நல்லாத் தெரியும்.

இதை நிலைநிறுத்தினவரு பட் ஃபிஷர். 1907 நவம்பர்ல சான் ஃப்ரான்சிஸ்கோ க்ரானிக்கிள்ல, விளையாட்டுப் பக்கத்துல, மட்னு ஒரு குதிரைப் பந்தயப் பைத்தியத்தை வரைஞ்சாரு. இன்னிக்கு எந்தக் குதிரை மேல கட்டினான்னு சொல்லுவாரு, ஜெயிச்சுதா தோத்துதான்னு நாளைக்குத்தான். இன்னொண்ணும் செஞ்சாரு, காப்பிரைட்டைத் தன் பேர்ல பதிஞ்சுக்கிட்டாரு. அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியணும்னா காட்சென்ஜாமர் கிட்ஸ் வரைஞ்ச ருடால்ஃப் டிர்க்ஸ் கதையைப் பாருங்க, ஹெர்ஸ்ட்டை விட்டுட்டு வேற பேப்பருக்குப் போகணும்னு நெனச்சாரு, கோர்ட்டுக்குப் போச்சு, பாத்திரங்களை நீ வரைஞ்சுக்கலாம் ஆனா தலைப்பு பேப்பருக்குத்தான் சொந்தம்னு தீர்ப்பு. 1897ல இருந்து தானே வளர்த்த பேரை அந்த மனுஷன் விட்டுட்டு வேற பேர்ல வரைய வேண்டியதாப் போச்சு.

அரைப்பக்கம் எழுதியது:

இதெல்லாம் நம்ம கண்ணுல படுதுன்னா அதுக்கு ஒரு ஆள் காரணம், அவர் பேரை யாரும் சொல்லலையே. பில் பிளாக்பியர்ட், சான் ஃப்ரான்சிஸ்கோ. அமெரிக்க நூலகங்கள் எல்லாம் பழைய பேப்பர் பைண்டுகளை மைக்ரோஃபிலிம் எடுத்துட்டு அசலைத் தூக்கிப் போட்டுட்டு இருந்தாங்க. மைக்ரோஃபிலிம் கருப்பு வெள்ளை. மெஷின்மேன் அண்ணன் சொன்ன அந்த நீல வானம், அந்தப் புள்ளி, எல்லாம் அதுல சாம்பல். இந்த மனுஷன் 1968ல ஒரு அமைப்பைப் பதிவு பண்ணி, தூக்கிப் போடறதை எல்லாம் எனக்குக் குடுங்கன்னு நூலகம் நூலகமா கேட்டு வாங்கி, தன் வீட்டுல அடுக்கினாரு. மாடி, கீழ, எல்லா அறையும் பேப்பர். கடைசியில 1990கள் முடியற சமயத்துல ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி அதை எடுத்துக்கிச்சு, 75 டன், ஆறு பெரிய டிரெய்லர் லாரி. இன்னிக்கு வர்ற மறுபதிப்புகள்ல நிறைய அந்தக் குவியல்ல இருந்து வந்ததுதான்.

செலவுக் கணக்குப் பார்த்தவங்களுக்கு அது வெறும் பழைய பேப்பர். எங்க ஊர் நூலகம் ஒண்ணுலயும் நான் பள்ளிக்கூடத்துல படிச்சப்ப பைண்ட் பண்ணின வார இதழ்களை எடைக்குப் போட்டதைக் கண்ணால பார்த்தேன், ஒரு ஆள் வாசல்ல நின்னு தராசுல வெச்சுட்டு இருந்தாரு. அன்னிக்கு என்கிட்ட காசு இல்ல. இப்பவும் அந்த அட்டைகள் கண்ணுக்குள்ள இருக்கு.

நைட்ஷிப்ட் எழுதியது:

முழுசா படிச்சேன். செங்கல்லும் ராகமும்னு சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு, சீஸ் ரொட்டி கனவையும் படிச்சேன், பழையதாள் சொன்ன மாதிரியே அது நீமோவை விட எனக்கு ஒட்டுது. ஆனா ஒரு பிரச்சினை, என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு, 16க்கு 21 புத்தகத்துக்கு நான் எங்க போறது. ஆறாவது படிக்கற பொண்ணு இருக்கா, அவளுக்கும் காட்டணும்னு ஆசை.

கோடும்கட்டமும் எழுதியது:

போன்லயே அருமையா வர்றது ஒண்ணு இருக்கு ப்ரோ. குஸ்தாவ் வெர்பீக், ஜப்பான்ல நாகசாகியில பொறந்தவரு, 1903ல இருந்து 1905 வரைக்கும் நியூயார்க் ஹெரால்ட்ல வரைஞ்சது, லேடி லவ்கின்ஸ்னு ஒரு சின்னப் பொண்ணு, மஃபரூன்னு ஒரு கிழவர். ஆறே கட்டம். ஆறும் படிச்சு முடிச்சதும் தாளைத் தலைகீழா திருப்பணும், அதே ஆறு கட்டம் கதையோட பின்பாதியா ஆயிடும். லவ்கின்ஸ் தலைகீழானா மஃபரூ, மஃபரூ தலைகீழானா லவ்கின்ஸ். வாராவாரம் இதை செஞ்சிருக்காரு, அறுவதுக்கும் மேல. போன்ல ஆட்டோ ரொட்டேட்டை ஆஃப் பண்ணிட்டு பொண்ணு கையில குடுங்க.

மெஷின்மேன் எழுதியது:

தம்பி, புத்தகம் எதுக்கு. 16க்கு 21னா ஏ2 தாள்ல அடங்கிடும். இந்த நீமோ பக்கங்களுக்கு இப்ப உரிமை யாருக்கும் கிடையாது, நல்ல ஸ்கேனா பெரிய ஃபைலா எடுத்துக்குங்க, பக்கத்துல டிஜிட்டல் பிரின்ட் போடற கடையில ஏ2ல எடுங்க. ஒண்ணே ஒண்ணு, ஆர்ட் பேப்பர் வேண்டாம், பளபளன்னு இருந்தா அந்தக் கலரு செத்துடும். மேப்லித்தோ மாதிரி வழவழப்பு இல்லாத தாள் இருக்கான்னு கேளுங்க. கடைக்காரர் ஷார்ப் பண்ணித் தரேன், வெள்ளையாக்கித் தரேன்னு சொல்வாரு, ஒத்துக்காதீங்க. அந்த மஞ்சளிச்ச தாளும் புள்ளியும் இருக்கட்டும்.

நிலாமகள் எழுதியது:

அண்ணே இது எனக்கும் தோணாமப் போச்சே. நான் ஃபிராங்க் கிங்கோட கேஸொலின் ஆலி ஞாயிறு பக்கம் எடுக்கப்போறேன், கடற்கரை முழுக்க ஒரே படம், அதைப் பன்னெண்டு கட்டமா வெட்டி ஒவ்வொரு கட்டத்துலயும் வேற வேற ஆளுங்க பேசிட்டு இருப்பாங்களே, அது. அந்தத் தொடர்ல 1921 பிப்ரவரி 14ல வாசல்ல கிடைச்ச குழந்தை ஸ்கீஸிக்ஸ் நிஜ உலகத்தோட சேர்ந்து ஒவ்வொரு வருஷமா வளர்ந்து பள்ளிக்கூடம் போய், ரெண்டாம் உலகப் போர் வந்தப்ப ராணுவத்துக்கே போயிட்டான். அவனோட பொறந்தவங்க அவனோடவே வயசானாங்க.

நைட்ஷிப்ட் எழுதியது:

மூணு நாள் கழிச்சு எழுதறேன். வெர்பீக்கை முதல்ல காட்டினேன். ஒரு கட்டத்துல கிழவர் ஓடத்துல இருக்காரு, பெரிய மீன் ஒண்ணு வாலை அடிச்சுக்கிட்டு வருது, பக்கத்துல மரம் நிக்கற குட்டித் தீவு. பொண்ணு போனைத் திருப்பினா. தீவு ஒரு ராட்சசப் பறவை, மரம் அதோட கால், ஓடம் அலகு, கிழவர் இருந்த இடத்துல லவ்கின்ஸ் அந்த அலகுல மாட்டிட்டு இருக்கா. பொண்ணு ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் திருப்பி, திருப்பி, திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தா.

நேத்து ஏ2 எடுத்துட்டு வந்தேன், கட்டில் பக்கம். கடைக்காரர் வெள்ளையாக்கட்டுமான்னு கேட்டாரு மெஷின்மேன் சார், வேண்டாம்னுட்டேன். கூடத்துச் சுவத்துல ஒட்டினேன், என் மூஞ்சி உயரத்துக்கு ஒட்டிட்டேன். பொண்ணு முக்காலி போட்டு ஏறி நின்னுதான் மேல் வரிசையைப் பார்த்தா, ஒரு விரலை வெச்சு கட்டிலோட கால் வழியா கீழ இறங்கினா, அடுத்த கட்டத்துக்குத் திரும்ப மேல ஏறினா, கூரை, கோபுரம் எல்லாம் தாண்டிக் கடைசிக் கட்டத்துல நீமோ தரையில விழுந்து கிடக்கறதைப் பார்க்கறதுக்கு முக்காலியை விட்டு இறங்கிட்டா.